பொங்கல் விளையாட்டுகளுக்கு முன்னுரை எழுத வேண்டும்: சல்லிக்கட்டால் ஊருக்கு என்ன கிடைத்தது?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயிலில் வரும் பொங்கலுக்கு உறியடி, கயிறு இழுத்தல், இளவட்டக்கல் தூக்குதல் ஆகியவற்றை நடத்தவிருக்கிறோம். தமிழகக் கிராமங்களின் வீர விளையாட்டுகளைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதித் திடலின் நுழைவாயிலில் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சல்லிக்கட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "ஈராயிரம் ஆண்டு வீரம்" என்ற வரியைத் தாண்டிப் பேனா நகர மறுக்கிறது. பிள்ளைகளோ, மாட்டைப் பிடித்ததால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள். பரிசையும் பேரையும் தவிர, இவ்விளையாட்டுகள் ஒரு கிராமத்தின் வாழ்வில் என்ன வேலை செய்தன?

தண்ணீர்மலையான் (பினாங்கு):

தம்பி, வீரத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு மாட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுதல், அதாவது காளையைப் பாய்ந்து அடக்குதல், ஆயர்களின் திருமணத்தோடு சேர்ந்தே வருகிறது. கொல்லும் காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுபிறவியிலும் தழுவமாட்டாள் என்கிறது அதில் ஒரு பாட்டு. மந்தையே சொத்தாக இருந்த குடியில், மாட்டுக்குப் பயந்தவன் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவான் என்ற நடைமுறைக் கவலை அதற்குள் இருக்கிறது. காளைகளை அடைத்துவைக்கும் இடத்தை அப்பாடல்கள் 'தொழு' என்கின்றன; சிவகங்கைப் பக்கத்து மஞ்சுவிரட்டில் இன்றும் அதே சொல்தான் வழங்குகிறது. எந்தக் கல்வெட்டையும்விட இந்த ஒரு சொல் எனக்குப் பெரிய சான்றாகத் தோன்றுகிறது.

கொம்பில் துணியால் முடிந்து கட்டிய சல்லிக்காசுதான் சல்லிக்கட்டு என்ற பெயருக்குக் காரணம் என்பார்கள். ஆனால் காசைவிடக் கோயில் காளையைப் பற்றி எழுதுங்கள். காளைகள் திடலுக்குள் வரும் வாடிவாசலில் முதலில் அவிழ்க்கப்படும் அந்தக் காளையை யாரும் பிடிப்பதில்லை. அது தனி ஒருவருடையது அன்று. ஊரார் சேர்ந்து தீனி போட்டு வளர்ப்பார்கள், இறந்தால் மாலை சூட்டி மனிதருக்குச் செய்வதைப்போல் அடக்கம் செய்வார்கள். மற்ற நாள்களில் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் சண்டையிட்டுக்கொள்கிறவர்கள்கூட அந்தக் காளையின் முன்னால் ஒரே ஊராகிவிடுவார்கள்.

பிடிபடாத காளையைப் பசுக்களோடு இணைசேர்க்கத் தேடி வருவார்கள் என்பதும், புலிக்குளம் போன்ற நாட்டுமாட்டு இனங்கள் நிலைத்ததில் அதற்குப் பங்குண்டு என்பதும் எழுதத் தக்கவை. ஆயினும் நாட்டுமாடுகள் குறைந்ததற்குச் சல்லிக்கட்டுக்கு நீதிமன்றம் விதித்த தடை ஒன்றே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். டிராக்டரும் கலப்பினப் பசுக்களும் அதற்கு வெகுகாலம் முன்பே மாட்டின் இடத்தைச் சுருக்கிவிட்டன.

தோட்டத்துப் பிள்ளை (கிள்ளான்):

ஐயா சொல்லும் 'ஒரே ஊர்' என்ற இடத்தில்தான் எனக்குத் தயக்கம். கோயில் காளைக்கு அடுத்து எவருடைய மாடு அவிழ்வது, முதல் மரியாதை யாருக்கு என்பவையெல்லாம் சாதியும் நிலவுடைமையும் தீர்மானித்த வரிசைகள். பறை அடித்தவர் இல்லாமல் விழா தொடங்காது, ஆனால் மரியாதை வரிசையில் அவருக்கு இடமில்லை. மதுரை அவனியாபுரத்தில் போட்டியை யார் நடத்துவது என்ற தகராறு நீதிமன்றம் வரை போயிற்று. இன்று மதுரைப் போட்டிகளுக்கு மாடுகளையும் வீரர்களையும் இணையத்தில் பதிவு செய்கிறார்கள் என்பது வெறும் நிர்வாக வசதியன்று. பழைய வரிசை அங்கே கொஞ்சம் தளர்கிறது. ஊரை இணைத்தது என்பதும் ஊரைப் பிரித்து வைத்தது என்பதும் ஒரே விழாவின் வேலைகள். ஒன்றை மட்டும் எழுதினால் பிள்ளைகள் பின்னாளில் நம்மைக் கேட்பார்கள்.

இன்னொன்றையும் எழுதலாம். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிமார் சல்லிக்கட்டு நடக்கும் மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோரை அழைத்துவந்தார்கள். மாரியம்மன் வந்தாள், தீமிதி வந்தது, சிலம்பமும் சடுகுடுவும் வந்தன, சல்லிக்கட்டு மட்டும் வரவில்லை. நிலம் கம்பெனிக்குச் சொந்தம், உழுவதற்கு வயல் இல்லை, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் கட்டியிருந்த ஒன்றிரண்டு பசுக்களும் பாலுக்காக வளர்த்தவை. மாட்டை அவிழ்த்துவிட வேண்டுமென்றால் முதலில் மந்தை வேண்டும், அது ஓடுவதற்குப் பொது நிலம் வேண்டும். சடுகுடுவுக்கோ மண்ணில் காலால் கிழித்த கோடு போதும்.

வழிப்போக்கர் (கோலாலம்பூர்):

ஆண்டுகளைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பலகைகளில் இவைதாம் பெரும்பாலும் தவறாகின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது; 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் நாள்கணக்கில் திரண்டபின் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது; 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மனிதர்களும் காளைகளும் இன்றும் உயிரிழக்கிறார்கள் என்பதையும் ஒரு வரியிலாவது சேருங்கள்.

செந்தூல்வாசி:

மூவருக்கும் நன்றி. கோயில் காளையில் தொடங்கி, மரியாதை வரிசையை மறைக்காமல் எழுதி, காளை ஏன் கப்பலேறவில்லை என்ற கேள்வியோடு பக்கத்தை நிறைவு செய்யப்போகிறேன். கிள்ளான் அண்ணன் எழுதியதைக் கோயில் தலைவர் ஏற்பாரா என்பது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தெரியும். ஏறு தழுவுதலைப்போலவே இளவட்டக்கல்லும் மணமகனைச் சோதிக்கும் விளையாட்டாக இருந்திருக்கிறது. கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போட வேண்டுமாம். எங்களுக்குச் செந்தூலில் அப்படி ஓர் உருண்டைக் கல் இன்னும் கிடைக்காததால், இப்போதைக்கு இருபது கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பயிற்சி நடக்கிறது.