தம்பியிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தை நடத்தும் தம்பி ஒருவர் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். சீசன் முடிந்ததும் தருகிறேன் என்று நான்கைந்து பேரிடம் கைமாற்று வாங்கினார். இப்போது கேட்டால் நழுவுகிறார். கொடுத்தவர்களில் ஒருவர் விதவை அம்மா.

அவரிடம் பேச என்னைத்தான் தள்ளிவிடுகிறார்கள். மத்தேயு 7:1 குற்றவாளியென்று தீர்க்காதே என்கிறது. சரி. ஆனால் 5ஆம் வசனம் முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறது. துரும்பை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லையே! மத்தேயு 18:15 தனியாகப் போய் உணர்த்தச் சொல்கிறது. கலாத்தியர் 6:1 சாந்தத்தோடு சீர்படுத்தச் சொல்கிறது. என் உத்திரம் எதுவென்று எனக்குத் தெரியும்: மச்சானிடம் வாங்கிய 10,000 ரூபாயை நானே இரண்டு வருடமாக இழுத்தடிக்கிறேன். (நல்லவேளை, மச்சான் இந்தக் குழுவில் இல்லை.)

அதை அடைத்துவிட்டுத்தான் போகவேண்டுமா, இல்லை என் குறையைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாமா? அந்த அம்மா அடுத்த மாதம் பேத்திக்கு ஃபீஸ் கட்டவேண்டும். இப்படிப் பேசிய அனுபவமுள்ள ஐயாமார், அக்காமார், முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். தம்பியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், ப்ளீஸ்.