புதுப்பிப்பு: சிறுநீரக மாற்றுக்குப் பிறகு மாமா வயலுக்குள் இறங்கலாமா?

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்த மாமா, மாரி மழைக்குத் தம்பலகாமத்து வயலில் இறங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிளினிக்கில் பேசினோம். இந்தப் போகம் சேற்றில் கால் வைக்கவே வேண்டாம் என்றார்கள்.

காரணம் மெலியோய்டோசிஸ். இலங்கையின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் பாக்டீரியாவால் வருவது, மழைக்காலத்தில் அதிகம். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க எடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. மாமாவுக்கு நீரிழிவும் உண்டு; இந்த நோய்க்கு அதுதான் மிகப் பெரிய ஆபத்துக் காரணி. நிமோனியாவாகவோ சீழ்க்கட்டியாகவோ வரலாம், காசநோய் என்று நினைத்து ஏமாறவும் இடமுண்டு. வழக்கமான பல அன்டிபயோட்டிக்குகளுக்குக் கேட்காது. ஊசி மருந்து முடிந்தபின்னும் 3 மாதமளவு மாத்திரை எடுக்க வேண்டும்.

பூட்ஸ் போட்டால் போதாதா என்று கேட்டவர்களுக்கு: புண், வெடிப்பு வழியாக நுழைவதைத் தடுக்க அது கட்டாயம் உதவும். ஆனால் பெருமழையில் தெறிக்கும் நீர்த்துளிகளை மூச்சில் இழுத்தாலும் தொற்றலாம்.

அப்புறம், எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் மட்டியை (சிப்பி வகை) நன்றாக அவித்துத்தான் சாப்பிட வேண்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், மாற்று சிகிச்சை செய்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள். வயலை இம்முறை மச்சான் பார்க்கிறார். மாமாவுக்கு மனவருத்தம்தான், ஆனாலும் சம்மதித்துவிட்டார்.