உள்ளாட்சி விலங்குக் காப்பகம்: கண்காணிப்பு முதலா, ஆட்கள் முதலா?
(புனைபெயரில் நால்வர் பேசிக்கொண்டது)

கதவோரம்:
இரண்டு ஆண்டுகள் ஓர் உள்ளாட்சிக் காப்பகத்துக்கு ஞாயிறுதோறும் தன்னார்வலராகப் போய்வந்தேன். ஒருநாள் சற்று முன்னதாகவே போய்விட்டேன். பணியாளர் ஒருவர் கூண்டு வரிசை நெடுகக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தார். நாய்கள் உள்ளேதான் இருந்தன. கடைசிக் கூண்டில் ஒரு கிழட்டுச் செவலை. தண்ணீர் தன்னிடம் வருவதற்கு முன்பே எழுந்து மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. தினமும் நனைந்து பழகிய நாய்தான் அப்படி நிற்கும். பொறுப்பாளரிடம் சொன்னேன். அடுத்த வாரம், காலை 10 மணிக்கு முன் தன்னார்வலர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் தாள் ஒட்டியிருந்தது.

நான் கேட்பது இரண்டுதான். காப்பகத்தை நடத்தும் துறைக்கு வெளியே ஒரு குழு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கும் அதிகாரத்தோடு. அடுத்தது, மாதக் கணக்கு: எத்தனை வந்தன, எத்தனை தத்துப் போயின, எத்தனை உரியவரிடம் திரும்பின, எத்தனை கருணைக்கொலை, எத்தனை கூண்டிலேயே இறந்தன. கடைசி இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். மருத்துவர் முடிவெடுத்து வந்த சாவும் கவனிப்பாரின்றி வந்த சாவும் ஒன்றல்ல.

பழைய பணியாள்:
அந்தக் குழாயைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். வேறு காப்பகம்; 11 ஆண்டுகள். கூண்டின் நடுவில் ஏற்றி இறக்கும் கதவு இருந்தால் நாயை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் கழுவலாம். எங்களிடமும் அந்தக் கதவு இருந்தது. நாய்கள் பெருகியதும் அதை அடைத்து, ஒரு கூண்டை இரண்டாக்கிவிட்டார்கள். அதன் பிறகு நாயை எங்கே விடுவது?

அமெரிக்காவின் தேசிய விலங்குக் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒரு விலங்கைப் பராமரிக்க நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் என்று பரிந்துரைத்திருக்கிறது. 9 நிமிடம் சுத்தம் செய்ய, 6 நிமிடம் உணவுக்கு. எங்களிடம் 90 நாய்கள். அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் வேலை. இருந்தவர்களோ 2 பேர். குழு வந்து பார்த்து எழுதிவிட்டுப் போகும். மறுநாள் காலையிலும் அதே 2 பேர்தான் நிற்போம். முதலில் ஆளைப் போடுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். ஆள் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணிக்கை ஏன் 90 ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. தினம் 6 நாய்கள் வந்து ஒவ்வொன்றும் சராசரியாக 20 நாள் தங்கினால், எந்த நாளில் பார்த்தாலும் 120 நாய்கள் இருக்கும். அதே 6 நாய்கள் 12 நாளில் வெளியேறினால் 72. ஒரு கூண்டுகூடப் புதிதாகக் கட்ட வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கும் கையெழுத்துக்கும் காத்திருந்தே எத்தனை நாட்கள் வீணாகின்றன!

தடுப்பூசியை வாசலிலேயே போட வேண்டும். மூன்றாம் நாள் போடலாம் என்று விட்டால் அதற்குள் பார்வோ என்ற, நாயைக் கொல்லும் வைரஸ் தொற்றிவிடக்கூடும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் கரைசல் அதைக் கொல்லும். ஆனால் மலத்தையும் அழுக்கையும் சோப்பால் கழுவிய பிறகே. அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்துதான் வீண். பூனை அறையில் பினாயில் வேண்டவே வேண்டாம்; பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது.

பழைய பணியாள்:
டாக்டர், உங்கள் கணக்கு சரி. அது மேலதிகாரி கைக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா? தங்கும் நாளைக் குறை என்பார். குறைக்க எளிய வழி தத்து இல்லை, கருணைக்கொலை ஊசி. எண்ணிக்கையை வெளியிட்டால் இன்னொன்றும் நடக்கும்: நோயாளி நாய்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். உள்ளே சாவு குறையும், தெருவில் கூடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கதவோரம்:
நான் யோசிக்காத இடம் இது, ஐயா. அப்படியானால் மொத்த எண் போதாது. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வரி வேண்டும்: வந்த நாள், போன நாள், காரணம். கருணைக்கொலைக்கு 2 பேர் கையெழுத்து, அதில் ஒருவர் மருத்துவர். திருப்பி அனுப்பியவையும் அதே பதிவேட்டில். ஆனால் ஆள் வரும்வரை கேள்வி காத்திருக்கட்டும் என்பதை ஏற்க மாட்டேன். உங்கள் 22 மணி நேரக் கணக்கு வெளியே யாருக்கும் தெரியாததால்தான் 2 பேரோடு 11 ஆண்டுகள் ஓட்டினார்கள்.

மூன்றுகால் பூனை:
நான் காப்பகத்திலிருந்து ஒரு பூனையை எடுத்து வளர்க்கிறேன். எதிர்வரிசையில் நாய்கள் குரைக்க, இவள் மண் தட்டுக்குள் சுருண்டு கிடந்தாள். ஒளிய வேறு இடமில்லை. அங்கிருந்த ஒரு பெண் பணியாளர் மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, ஒரு பக்கம் வாசல் வெட்டினார். அன்று மாலைதான் முதல் முறையாகச் சாப்பிட்டாளாம். 1965-இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு, பண்ணை விலங்குகளுக்கே எழ, படுக்க, திரும்ப, உடலை நக்கிக்கொள்ள, கைகாலை நீட்ட இடம் வேண்டும் என்றது. இவள் கூண்டில் நீட்ட இடமில்லை.

பழைய பணியாள்:
குழு வரட்டும். சொல்லாமலே வரட்டும், காலை 6 மணிக்கு வரட்டும். ஆனால் அந்தப் பதிவேட்டில் அன்று எத்தனை விலங்குகள், எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று அருகருகே எழுத வேண்டும். அது இல்லாத கண்காணிப்பு கடைநிலை ஊழியரைத் தண்டிக்கத்தான் பயன்படும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கதவோரம்:
ஏற்கிறேன். பதிவேட்டின் முதல் இரண்டு கட்டங்களும் அவையே. பணியாளர் பெயர் வெளியே வராது.

பழைய பணியாள்:
சரி. அந்தச் செவலை என்ன ஆயிற்று?

கதவோரம்:
அடுத்த ஞாயிறு கூண்டு காலியாக இருந்தது. பதிவேட்டைக் கேட்டேன். காட்டவில்லை.