மாத்திரை வீட்டுக்கு வருகிறது, மற்றதெல்லாம்? மூன்று பேர் எழுதுகிறார்கள்

என் மாமியாருக்கு 74 வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போது "பிசியோ பார்த்துக்குங்க" என்றார்கள். எங்கே, யாரிடம், ஒன்றும் சொல்லவில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அது ஏதோ பிபி, சுகர் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். மாமாவுக்கு மாத்திரை கொடுக்க வந்த பெண் கட்டிலைப் பார்த்தாள், போர்வையை விலக்கி அத்தையின் குதிகாலை அழுத்திப் பார்த்தாள். "ஆச்சிக்குச் சிவந்திருக்கு, விட்டா புண்ணாயிரும்க்கா" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே பிசியோ வந்தார், அப்புறம் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸும். கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்துவதும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பதும் அந்த நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

சரி, வைத்தியம் வீட்டுக்கு வந்துவிட்டது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு? ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் இருந்தும் ஆளை நேரில் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம், அத்தை வழி முழுக்க அழுதாள். மாமாவும் அத்தையும் தனி ரேஷன் கார்டு, வயதானவர்களுக்கு வீட்டுக்கே பொருள் வரும் தாயுமானவர் திட்டம் இருக்கிறது என்று சொன்னதும் அதே மாத்திரைப் பெண்தான். அவள் வேலையே இல்லை அது!

•

நான் கோழிக்கோட்டில் வேலை பார்க்கிறேன். இங்கே 1993-லேயே வலி நிவாரண சிகிச்சை தொடங்கிவிட்டது, பிறகு அதை ஊர்க்காரர்களே கையில் எடுத்துச் செய்கிறார்கள். வீட்டு ஓனரின் அண்ணனுக்குப் புற்றுநோய். நர்ஸோடு பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரும் தொண்டராக வருவார். நர்ஸ் குழாய் மாற்றும் நேரத்தில் அவர் அடுக்களைக்குப் போய் அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். எனக்கு முதலில் அது அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. அந்த அண்ணனின் சம்பாத்தியம் நின்றுபோன வீடு, வாய்விட்டு யாரும் கேட்க மாட்டார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

•

நானும் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்கப் போகிறவள்தான். பிரஷர் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அப்புறம் ஒரு பாட்டி பென்ஷன் பாஸ்புக்கை எடுத்து நீட்டும், படித்துச் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. போன மாதம் ஒருத்தர் வீட்டில் மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னீர்களே, சாப்பாடு எங்கே என்று கேட்டார். அதை எழுத என் நோட்டில் கட்டம் இல்லை.