மைனஸ் 26 வாங்கினவருக்குச் சிறந்த தடுப்பாட்டக்காரர் பட்டமா?

பவானிக்காரன்
ஐஸ் ஹாக்கியில 2022-23 நோரிஸ் கோப்பையை எரிக் கார்ல்சனுக்குக் கொடுத்தாங்க. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லோட சிறந்த தடுப்பாட்டக்காரருக்குத் தர்ற கோப்பை. ஆளு களத்துல நிக்கறப்ப அவரு அணி கோல் அடிச்சா பிளஸ் ஒண்ணு, கோல் வாங்கினா மைனஸ் ஒண்ணு; அந்தப் பிளஸ்-மைனஸ் அவருக்கு என்ன தெரியுங்களா? மைனஸ் 26! காவக்காரன் இருக்கறப்பவே காட்டுல கடலக்கா களவு போனா, அவனுக்குப் பரிசு தருவமா?

திருப்பூர் ஓவர்லாக்
அண்ணா, அந்தக் கணக்கே கோணலுங்க. எதிரணி ஆளு தண்டனையில வெளிய உக்காந்திருக்கறப்ப நாம அடிக்கிற கோல் பிளஸ்ல சேராது. ஆனா தோக்கற அணி கடைசி நிமிசத்துல கோலியை (கோல் காக்கறவரை) எடுத்துட்டு ஆறாவது ஆளை இறக்கும். அப்பக் காலி வலையில கோல் விழுந்தா களத்துல நிக்கிற அத்தனை பேருக்கும் மைனஸ். அந்த நேரத்துல கார்ல்சனை இறக்காம யாரை இறக்குவாங்க? அவரோட அணி சான் ஹோசே அந்த வருசம் 82 மேட்ச்ல ஜெயிச்சது 22. அதுல நின்னு, கோல் அடிச்சதும் அடிக்க உதவினதும் (அசிஸ்ட்) சேர்த்து 101 பாயின்ட் எடுத்திருக்காருங்க! 1991-92ல பிரையன் லீட்ச் எடுத்ததுக்கப்புறம், இவருக்கு முன்னால எந்தத் தடுப்பாட்டக்காரரும் நூறைத் தொடல.

நான் பனியன் கம்பெனி பவர் டேபிள்ல (தையல் மிஷின் வரிசையில) வேலை பார்க்கறேன். பேட்லாக் மிஷின்ல பனியன் கையை மடிச்சு வந்தாத்தான் நான் ஏத்த முடியும். அங்க நூல் அறுந்து நின்னா, சனிக்கிழமை சம்பளத்துல என் பீஸ் கணக்குந்தான் குறையுது. என் கை சும்மாவா இருந்துச்சு?

பவானிக்காரன்
அம்மிணி, பாயின்ட் மட்டும் தனியாளு கணக்கா? ஒரு கோலுக்கு ரெண்டு பேர் வரைக்கும் அசிஸ்ட் உண்டு. சும்மா பக்கை (ஆடற வட்டை)த் தள்ளிவிட்டவருக்கும் ஒண்ணு, அடிச்சவருக்கும் ஒண்ணு. பாஸ்டன் தடுப்பாட்டக்காரர் பாபி ஆர் 1970-71ல பிளஸ் 124. இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடல. அதுவும் கோணலா?

கோபி வாய்க்கால்
ஆர் பெரிய ஆளுதானுங்க, பாஸ்டனும் அப்பப் பெரிய அணி. எதிர்ப்பக்கமும் பார்க்கோணும்: 1974-75ல வாஷிங்டன் தடுப்பாட்டக்காரர் பில் மிக்கெல்சன் மைனஸ் 82. வாஷிங்டனுக்கு அது முதல் சீசன், 80 மேட்ச்ல 8 வெற்றி. மொத்தப் பாரத்தையும் அந்த மனுசன் தலையில ஏத்தறது நியாயமில்லீங்க.

கோல் அரிதா விழற ஆட்டம் இது. அதனாலதான் கார்சி கணக்கு வந்துச்சு. வலைக்குப் போனது, விலகிப் போனது, ஆளு மேல பட்டு நின்னது, எல்லா ஷாட்டையும் ரெண்டு பக்கமும் எண்ணுவாங்க. பஃபலோ அணிக்குக் கோலி கோச்சா இருந்த ஜிம் கார்சி பேரு அது.

பவானிக்காரன்
அதுவும் களத்துல நிக்கிற அஞ்சு பேருக்கும் ஒரே கணக்குத்தானுங்களே! தூரத்துல நீலக்கோட்டுல இருந்து அடிச்சதும் கோலி மூஞ்சிக்கு முன்னால அடிச்சதும் அதுல ஒண்ணு. காலி வலைக் கோலைக் கழிச்சுடலாம், அம்மிணி சொன்னது சரி. மிச்ச மைனஸுக்குக் கார்ல்சன்தான் பதில் சொல்லோணும்.

திருப்பூர் ஓவர்லாக்
சொல்லட்டுங்ணா. அவரு கூட நின்ன நாலு பேரும், பின்னால நின்ன கோலியும் சேர்ந்து சொல்லட்டும்.