விளக்கேற்றியவர் நிவேதிதையா, செல்லம்மாளா?

லயத்துமகன்: மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்த பாரதி விழாவில், கவியின் வாழ்வில் ஒளியேற்றிய ஒரே பெண், அவர் குருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதைதான் என்றும், மனைவி செல்லம்மாள் அடுப்படியோடு நின்றுவிட்டவர் என்றும் ஒருவர் முழங்க, முன்வரிசை கைதட்டியது. எதற்காகக் கைதட்டினார்கள் என்று யாராவது சொல்வீர்களா?

மேடைப்பித்தன்: முழங்கியவன் நானே. 1908இல் வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்க’ளையும் 1909இல் வெளிவந்த ‘ஜன்ம பூமி’யையும் கவி நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார். மனைவிக்கு அப்படி எதைக் கொடுத்தார்?

பால்மரத்துப்பேத்தி: 1921இல் கவி மறைந்த பிறகு, பாரதி ஆசிரமம் என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கி அப்பாடல்களை அச்சேற்றியவர் செல்லம்மாள். உலைக்கு வைத்திருந்த அரிசியைக் கணவர் குருவிகளுக்கு வாரி இறைத்தபோது, அன்றைய சோற்றுக்கு வழி தேட வேண்டியிருந்தவரும் அவரே. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா என்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன என் பாட்டிக்கும் எவரும் நூல் காணிக்கையாக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் ஒளி இல்லாமல் போய்விட்டதா?

மேடைப்பித்தன்: நான் கேட்டது காணிக்கையைப் பற்றி, நீங்கள் சொல்வது பதிப்பகத்தையும் பாட்டியையும் பற்றி. இரண்டு நூல்கள், சகோதரி, இரண்டு!

லயத்துமகன்: மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று கவியைக் கேட்டுத் தலைகுனிய வைத்தவரே நிவேதிதைதான் என்று பாரதியின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்களே, ஐயா. குருவே தேடிய பெண்ணைச் சீடரின் பெயரால் நீங்கள் அடுப்படிக்கு அனுப்புவது வேடிக்கைதான்.

மேடைப்பித்தன்: கேள்வி கேட்டுக் கண்ணைத் திறந்தவர் யார்? நிவேதிதை. ஆகவேதான் இரண்டு நூல்களும் அவருக்கு. போன ஆண்டுக் கட்டுரைப் போட்டியில் உங்களுக்குப் பரிசு கொடுக்காத கோபத்தை இங்கே கொட்டாதீர்கள்.

லயத்துமகன்: பரிசு உங்கள் மைத்துனர் மகனுக்குப் போனதை நான் இன்னும் எழுதவே இல்லையே!

பால்மரத்துப்பேத்தி: மண்டபத்தில் பெண்களுக்குப் பேச ஐந்து நிமிடம், உங்களுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் செல்லம்மாளின் பெயர் ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் அடுப்போடு.

மேடைப்பித்தன்: நேரப் பட்டியல் செயலாளரின் வேலை. நான் இன்னும் பதிலுக்காகவே காத்திருக்கிறேன்: செல்லம்மாளுக்குக் காணிக்கையான நூல் எது? அடுத்த ஆண்டும் இதையே கேட்பேன்.

பால்மரத்துப்பேத்தி: ஒலிவாங்கி அப்போதும் உங்கள் கையிலேயே இருந்தால் கேளுங்கள், ஐயா.