வெளிவராத அடுத்த பாகத்தை முன்கூட்டியே எடைபோட்ட அனுபவங்கள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

நான் சிறு வயதிலிருந்து ஆடிவரும் ஒரு வீடியோ கேம் தொடரின் அடுத்த பாகத்துக்கு டிரெய்லர் வந்ததிலிருந்து எங்கள் நண்பர்களுக்குள் சண்டை ஓயவில்லை. தொடரையே கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. இந்த வருடத்தின் சிறந்த கேம் இதுதான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பார்த்தது அதே மூன்று நிமிடத்தைத்தான். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அரக்கர்களைக் கொல்லும் டயாப்லோ 3 என்ற கேம் விஷயத்தில் நான் செய்த தப்பு இன்னும் மனதில் இருக்கிறது.

2008 ஜூனில் பாரிஸில் அதை அறிவித்தார்கள். இரண்டாம் பாகம் வந்தது 2000-இல். எட்டு வருடமாக அந்த இருட்டும் தீப்பந்த வெளிச்சமும் எனக்குள் ஊறிப்போயிருந்தன. புதியதில் பார்த்தால் பச்சைப் பசேலென்று காடு, அருவி, அருவியோரம் ஒரு வானவில்! வயிறு எரிந்தது. வண்ணங்களை மாற்றச் சொல்லி ஒரு விண்ணப்பம் சுற்றியது, நானும் கையெழுத்துப் போட்டேன். ஸ்கிரீன்ஷாட்டுகளைப் போட்டோஷாப்பில் கறுப்பாக்கி, ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று வெளியிட்டவர்களை மனதாரப் பாராட்டினேன்.

2011 ஆகஸ்டில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. தனியாக ஆடினாலும் இணையத் தொடர்பு வேண்டும். ஆட்டத்தில் கிடைக்கும் பொருள்களை நிஜப் பணத்துக்கு விற்கவும் வாங்கவும் ஏலச் சந்தை இருக்கும். நிறையப் பேர் எதிர்த்தார்கள். நான் அப்போதும் வானவில்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

2012 மே 15 அன்று வெளியானது. அன்று உலகம் முழுக்க ஏராளமானோர் உள்ளேயே போக முடியாமல் ‘எரர் 37’ என்ற ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏலச் சந்தையால், அரக்கனைக் கொன்று நல்ல வாளைக் கண்டெடுப்பதைவிட அதைக் காசு கொடுத்து வாங்குவது சுலபமாகிவிட்டது. 2014 மார்ச்சில் சந்தையையே மூடினார்கள். நான் அத்தனை கோபப்பட்ட வண்ணம்? ஆட ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் மறந்தேபோனது. வானவில்லும் யூனிகார்னுமாக (ஒற்றைக் கொம்புக் குதிரை) ஒரு ரகசிய லெவலைக்கூட உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். அதைத் தேடிப் பிடித்து ஆசையாக ஆடினேன்.

டிரெய்லரில் கண்ணை உறுத்துவது ஒன்று, அறிவிப்பில் எழுத்தாகவே இருப்பது இன்னொன்று. முதலாவது மாறலாம், அல்லது நமக்கே பழகிவிடலாம். இரண்டாவது அவர்கள் எடுத்துமுடித்த முடிவு, அதை அன்றைக்கே எடைபோடலாம். நான் இரண்டையும் மாற்றிப் பிடித்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? ஏமாந்த கதை மட்டும் வேண்டாம், அநியாயமாக வெறுத்த கதையும் வரட்டும்.

* * *

அண்ணா, என்னுடையது அநியாயமாக வெறுத்த கதைதான். ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேம் தொடர் என்றாலே எனக்கு நான்காம் பாகத்தின் தோளுக்குப் பின்னால் நிற்கும் கேமராதான். 2016 ஜூனில் ஏழாம் பாகத்தைக் காட்டியபோது எல்லாமே முதல் நபர் பார்வை, அதாவது பாத்திரத்தின் கண்வழியே பார்ப்பது. “இது ரெசிடென்ட் ஈவிலே இல்லை” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆடிப் பார்க்க ஒரு டெமோ வந்தது. குறை கண்டுபிடிக்கவே இறக்கினேன். பாழடைந்த ஒரு வீடு. டிவிக்குப் பக்கத்தில் ஒரு விசிஆர். கிடைத்த கேசட்டைச் செருகினால், அதே வீட்டுக்குள் முன்பு வந்தவர்கள் எடுத்த வீடியோ. நாம் பார்ப்பதோடு சரி என்று நினைத்தேன். இல்லை, அந்தக் கேமராக்காரனே நாம்தான். டேப்புக்குள் கணப்படுப்புப் பக்கம் ஒரு ரகசிய வழி திறக்கிறது. டேப் முடிந்ததும் திரும்பிப் பார்க்கிறேன், அதே சுவர் என் எதிரே மூடிக் கிடக்கிறது. எழுந்து போய் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தொடர்ந்தேன். பூட்டிய வீடு, ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது, பயம். 1996-இல் முதல் பாகம் தொடங்கியது இப்படித்தானே? கேமரா வெறும் சட்டை என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் அந்த டெமோவும் ஒரு விஷயத்தில் என்னைத் திசைதிருப்பியது. அதில் சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, அதனால் முழு கேமிலும் துப்பாக்கியே இருக்காது என்று முடிவு கட்டினேன். 2017 ஜனவரியில் வந்ததில் துப்பாக்கியும் இருந்தது, பெரிய பெரிய சண்டைகளும் இருந்தன. அந்த டெமோ முழு கேமிலிருந்து வெட்டி எடுத்த துண்டு அல்ல, தனியாகச் செய்தது.

* * *

கேம் டெஸ்டராக ஐந்து வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

வெளியீட்டுக்கு ஒரு வருடம் முன்னால் ஒரு பில்டை, அதாவது உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பை, திறந்தால் என்ன தெரியும் தெரியுமா? வீடு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி. தண்ணீர் என்பது ஒரு நீலத் தகடு. கடைக்காரர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தபடி அசையாமல் நிற்பார், அவருடைய வசனத்தைக் கம்ப்யூட்டர் குரல் ஒப்பிக்கும். நாங்கள் அதைத்தான் மாதக்கணக்கில் ஆடி, கண்ட பிழைகளை (பக்) எழுதுவோம். ஒளியும் வேகமும் சரியாவது பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான்.

2022 செப்டம்பரில் ஜிடிஏ 6 என்ற கேமின் உருவாக்கக் காட்சிகள் கசிந்தபோது “கிராஃபிக்ஸ் இவ்வளவுதானா” என்று பலர் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அப்போது வேறு ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் புகழ்பெற்ற கேம்களின் ஆரம்பகால வீடியோக்களைத் தாங்களே எடுத்துப் போட்டார்கள். எல்லாம் இதே சாம்பல் பெட்டிகள்தான். அன்று அவர்கள்மேல் வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

அழகான டெமோவும் இதே கணக்கில்தான் வரும். விழாவில் காட்டவென்று ஒரு பத்து நிமிடப் பகுதியை மட்டும் வாரக்கணக்கில் மெருகேற்றுவார்கள், மற்ற இடமெல்லாம் அரைகுறையாகக் கிடக்கும். அதனால் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: என் கையில் இருக்கும் கருவியில் அது ஓடுவதைக் காட்டினார்களா? சைபர்பங்க் 2077-க்கு வெளியீட்டுக்கு முன் வந்த விமர்சனங்கள் பிசி பதிப்பை ஆடி எழுதியவை. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது, பழைய கன்சோல்களில் இருந்த நிலையைப் பார்த்து ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

* * *

முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கேமுக்கு முன்கூட்டியே பணம் கட்டிய நாளிலிருந்து நான் அதற்கு வக்கீலாகவே மாறிவிட்டேன். யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போனேன். கடைசியில் பாதிகூட ஆட முடியவில்லை. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் முன்பதிவை வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியான பின்னும், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் 14 நாள் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தைக் கட்ஸீனில், அதாவது வெறுமனே பார்க்கும் கதைக் காட்சிகளில், கரைத்துவிடாதீர்கள்.

* * *

‘வெளிவரும்வரை பேசாதே’ என்று யாரும் புரிந்துகொண்டுவிடக் கூடாது, அதனால் இதை எழுதுகிறேன். 2017 அக்டோபரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 கேமின் பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முன் ஆடிப் பார்க்கத் தரும் பதிப்பு, வந்தது. என் தம்பி ஆடிவிட்டு, “சண்டையில் பலம் தரும் கார்டெல்லாம் லூட் பாக்ஸுக்குள், என்ன வரும் என்றே தெரியாத பெட்டிக்குள், இருக்கிறது, காசு உள்ளவன்தான் ஜெயிப்பான்” என்றான். “பீட்டாதானேடா, முழுசாக வரட்டும்” என்று அவனை அடக்கினேன். அவனைப் போல ஆயிரக்கணக்கானோர் அடங்கவில்லை. நவம்பர் 17 அன்று உலகம் முழுக்க வெளியாக வேண்டும், அதற்குச் சற்று முன்பாகவே காசு கொடுத்து வாங்கும் வசதியை நிறுத்திவைத்தார்கள். அடுத்த மார்ச்சில் அந்த முறையையே மாற்றியமைத்தார்கள். தம்பி பார்த்தது மெருகு குறைந்த படத்தை அல்ல, கடையின் அமைப்பை. அன்று அவன்தான் நியாயமாகப் பேசினான், நான் இல்லை.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு, டிரெய்லரை ஓரமாக வைத்து, புதிய பாகத்தின் அறிவிப்பை வரி வரியாகப் படித்தேன். நண்பர்கள் அடித்துக்கொள்ளும் கதாநாயகனின் முகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முந்தைய பாகங்களில் இரண்டு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். நானும் அக்காவும் அப்படித்தான் எல்லாவற்றையும் முடித்தோம். இந்த அறிவிப்பில் ‘இணையம் வழியாக இருவர்’ என்று மட்டும் இருக்கிறது, ஒரே திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. உருவாக்குபவர்களுக்கு இன்று காலை அதை மட்டும் கேட்டு எழுதினேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.